தாத்தாவின் கால் ஆர்மோனியம்: ஏழு மாத வேலைக் குறிப்பு

காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து இறக்கிய சாமான்களில் ஒரு கறுப்பு மரப்பெட்டி இருந்தது. டிரங்குப் பெட்டி அளவு. இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். பழைய இரும்புக்காரரிடம் போட எடுத்து வைத்திருந்ததைப் பெரியப்பா பார்த்துவிட்டு, "அது உங்க தாத்தா கால் பெட்டிடா, தொடாதீங்க" என்று நிறுத்திவிட்டார். மரவேலையும் பழைய ரேடியோ ரிப்பேரும் எனக்குப் பழக்கம் என்பதால் பெட்டி மதுரைக்கு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தாத்தா பகலில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். 1930-களில் ஊரில் ஒரு நாடக சபை இருந்தது. வக்கீல் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், கடைச் சிப்பந்திகள் என்று எல்லோரும் வேறு தொழில் உள்ளவர்கள். பொழுதுபோக்காக வேஷம் கட்டியவர்கள். தாத்தா வேஷம் கட்டவில்லை. மேடை ஓரத்தில் இந்தப் பெட்டியோடு உட்கார்ந்து வாசித்தார், பின்பாட்டும் பாடினார். பெரியப்பாவுக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். மீதியைப் பெட்டியே சொன்னது, ஒவ்வொரு திருகாகக் கழற்றும்போது.

கால் ஆர்மோனியத்தைப் பார்த்திராதவர்களுக்காக: வீட்டுப் பஜனைகளில் பார்க்கும் கைப்பெட்டியில் இடது கை துருத்தியை அசைக்கும், வலது கைதான் வாசிக்கும். இதில் அந்த வேலையைக் கால்கள் செய்கின்றன. கீழே இரண்டு மிதிகள். வலது, இடது என்று மாறி மாறி மிதிக்க, ஒவ்வொன்றும் ஒரு சின்னத் துருத்தியை இழுத்து மேலே இருக்கும் பெரிய துருத்திக்குள் காற்றைத் தள்ளும். பெரிய துருத்தியின் மேல் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருப்பதால் காற்று ஒரே சீராக வரும். கட்டையை அழுத்தினால் அதன் பின்பக்கம் தூக்கி ஒரு துளை திறக்கும். காற்று பித்தளை நாக்கை அதிர வைத்துக்கொண்டு வெளியே போகும். தாத்தாவின் பெட்டியில் 49 கட்டைகள், கட்டைக்கு இரண்டு ரீடு (அந்தப் பித்தளை நாக்கும் அதன் தகடும் சேர்ந்தது), மொத்தம் 98 ரீடு. கால்களையும் மிதிகளையும் மடக்கி மூடிவிட்டால் மாட்டுவண்டியில் ஏற்றி அடுத்த ஊர் திருவிழாவுக்குக் கொண்டுபோகலாம்.

ஆர்மோனியம் 1840-களில் பாரிஸில் அந்தப் பெயரைப் பெற்ற கருவி. நம் பக்கம் அதை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் பார்சி, மராத்திய நாடகக் கம்பெனிகள். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் பாட்டுக்குப் பாட்டு 'பார்சி மெட்டு', 'இந்துஸ்தான் மெட்டு' என்று தலைப்பில் போட்டிருக்கும். மெட்டு வந்த வழியில்தான் பெட்டியும் வந்தது. வந்த பிறகு தமிழ் மேடையில் அது இல்லாமல் திரை தூக்கவே முடியாது என்ற நிலை ஆகிவிட்டது. இரண்டு கையும் வாசிப்புக்குக் கிடைக்கிறது, சத்தம் கைப்பெட்டியை விடப் பெரியது, வாயும் பின்பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும் வரை நடக்கும் நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அப்போது கிடையாது.

ஊதுவத்தி சோதனை

முதல் நாள் மிதித்துப் பார்த்தேன். 'புஸ்' என்ற சத்தம் மட்டும். சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியவில்லை, பெட்டி முழுக்கவே மூச்சு விடுகிறது. மதுரையில் நாடகங்களுக்கு வாசிக்கும் வயதான ஆர்மோனிய வாத்தியார் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ஊதுவத்தி வச்சுப் பாத்தீங்களா?"

சரி, வழி இதுதான். ஒருவர் மெதுவாக மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொருவர் பற்றவைத்த ஊதுவத்தியைத் துருத்தியின் ஓரம், மூலை, ஒட்டு என்று ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்த வேண்டும். மின்விசிறி ஓடக்கூடாது, ஜன்னல் மூடியிருக்க வேண்டும். புகை நேராக மேலே போனால் அந்த இடம் நல்ல இடம். புகை வெட்டிக்கொண்டு பக்கத்தில் ஓடினால் அங்கே ஓட்டை. என் மகள் மிதித்தாள், நான் வத்தி பிடித்தேன், சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். முதல் சுற்றில் 23 வட்டம். சின்னத் துருத்திகளின் எட்டு மூலைகளில் ஏழு போய்விட்டன. அதற்கு மேல் எண்ணுவதில் அர்த்தம் இல்லை. தோல் முழுக்க மாற்ற வேண்டும்.

பழைய தோல் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. மடித்தால் ஒடிகிறது. ஒட்டியிருந்தது வஜ்ஜிரம், மாட்டுத்தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை. அந்தக் காலத்துத் தச்சர்கள் எல்லாம் இந்த வஜ்ஜிரத்தை விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு: வெந்நீரில் நனைத்த துணியை ஒட்டின் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் அது இளகிவிடும். மரத்துக்கு ஒன்றும் ஆகாமல் மெல்லிய கத்தியால் நெம்பி எடுத்துவிடலாம். அதாவது, ஒட்டியவன் அடுத்து வந்து பிரிக்கப் போகிறவனையும் நினைத்து ஒட்டியிருக்கிறான்.

இது எனக்குப் புரிவதற்கு முன்னால் ஒரு தப்புச் செய்துவிட்டேன். இடது சின்னத் துருத்தியை ரெக்சின் போட்டு, கடையில் விற்கும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது, புகையும் நேராகப் போனது. மூன்றாம் வாரம் மடிப்புக் கோடுகள் விறைத்து, மிதி பாதியில் நின்றது. மிதிக்கும்போது அட்டைப்பெட்டியை மிதிப்பது போல 'டொக் டொக்' என்று சத்தம். பிரிக்கப் போனால் பசை பிளாஸ்டிக் ஆகிவிட்டது. மரத்தின் நாரும் சேர்ந்து பிய்ந்து வந்தது. அந்த ஓரத்தை இழைத்து, மெல்லிய தேக்குச் சட்டம் ஒட்டிச் சரி செய்ய நான்கு நாள் ஆனது. இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: துருத்திக்குத் தோலும் வஜ்ஜிரமும் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

தோல் திண்டுக்கல்லில் வாங்கினேன். பதனிட்ட ஆட்டுத்தோல், செருப்புத் தைக்கும் கனம் ஆகாது. விரலில் சுற்றினால் துணி போலச் சுற்ற வேண்டும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளை கூடத் தெரியக்கூடாது. இரண்டு முழுத் தோல் தேவைப்பட்டது. பக்கங்களுக்கு நீளமாக வெட்டுவது சுலபம். மூலைதான் பரீட்சை. துருத்தி திறக்கும்போது மூலைத் தோல் விசிறி மாதிரி விரிய வேண்டும், மூடும்போது உள்பக்கமாக மடிந்து ஒளிந்துகொள்ள வேண்டும். வெளிப்பக்கம் பிதுங்கினால் இரண்டு பலகைக்கு நடுவே சிக்கி நாலு நாளில் கிழிந்துவிடும். பழைய மூலைத் தோலை ஒடியாமல் ஈரத்துணியில் வைத்து விரித்து, அதன் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, அதே அளவில் புதிதை வெட்டினேன். ஓரங்களைச் சீவி மெலிதாக்கினேன். வஜ்ஜிரத்தைப் பாத்திரத்தில் நேரே அடுப்பில் வைக்கக்கூடாது, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்துத்தான் உருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்புப் போய்விடும். வாசனை வீட்டில் இரண்டு நாள் நிற்கும். அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மிதியிலிருந்து துருத்திக்குப் போகும் நாடா இரண்டும் இற்றுப் போயிருந்தன. நைலான் நாடா போட்டுப் பார்த்தேன், ஒரு வாரத்தில் இழுபட்டுத் தொங்கியது. பருத்தியில் நெய்த கட்டில் நாடாதான் நின்றது.

உள்ளே ஒட்டியிருந்த காகிதம்

பெரிய துருத்தியின் அடிப்பலகையில் நீளமாக ஒரு வெடிப்பு. அதன் மேல் யாரோ காகிதப் பட்டை ஒட்டி அடைத்திருந்தார்கள். பழுப்பேறிய மெல்லிய ரோஸ் காகிதம். ஊதிப் பார்த்து, தூசியைத் தூரிகையால் தள்ளியபோது எழுத்துத் தெரிந்தது. நாடக நோட்டீஸ். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டில் 'வள்ளி திரும', அடுத்த துண்டில் 'இரவு 9½ மணி', அதற்குக் கீழே 'தரை', 'பெஞ்சு', 'நாற்காலி' என்று டிக்கெட் வகுப்புகள். நாற்காலிக்கு நேரே இருந்த தொகை கிழிந்துவிட்டது. தரைக்கு நேரே 2 அணா என்று நன்றாகப் படிக்க முடிகிறது. இன்னொரு துண்டில் 'ஸ்திரீகளுக்கு தனி இட'. தேதி இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெடிப்பு ஓடுகிறது.

பட்டையை உரித்து எடுத்து, சட்டம் போட்டு மாட்டலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் எண்பது வருஷத்துக்கு மேலாக அந்த வெடிப்பை அடைத்து வைத்திருப்பது அந்த நோட்டீஸ்தான். அது இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஊதுவத்தி வைத்துப் பார்த்தேன், அந்த நீளம் முழுக்கப் புகை நேராகப் போனது. அதன் மேல் கை வைக்கவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டு, பலகைக்கு வெளிப்பக்கம் மெல்லிய தேக்குக் கட்டு ஒன்று கொடுத்து வெடிப்பு மேலும் விரியாமல் நிறுத்தினேன்.

அந்த நோட்டீஸ் எனக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. தாத்தாவின் சபை பொழுதுபோக்குச் சபைதான், ஆனால் ஆடியது கம்பெனி நாடகம், அதாவது தொழில்முறைக் கம்பெனிகள் ஆடிய பாட்டு நிறைந்த நாடகம்.

படித்தவர்கள் மேடை ஏறியதற்கு நம் ஊரில் பெரிய முன்னுதாரணம் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். வக்கீல், பிறகு நீதிபதி. நாடகக்காரன் என்றால் திண்ணையில் கூட உட்கார வைக்கத் தயங்கிய காலத்தில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் விக்டோரியா பப்ளிக் ஹாலில் வேஷம் கட்டி நடித்தார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்த மேடையில் நடித்தவர். அவர்கள் நாடகத்தில் வசனம் முதலிடத்துக்கு வந்தது, பாட்டு குறைந்தது, விடிய விடிய நடப்பதும் நின்றது.

இன்னொரு பக்கம் தூத்துக்குடியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். 1867 முதல் 1922 வரை வாழ்ந்தவர். எமன், சனீஸ்வரன் வேஷங்களில் மேடையை நடுங்க வைத்துவிட்டு, பிறகு வேஷத்தை விட்டு ஆசிரியராக உட்கார்ந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று அவர் எழுதிக்கொடுத்தவை பாட்டும் தர்க்கமுமாக ஓடுகிறவை. 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்தே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்தினார். அவர் பாடம்தான் தெற்கே எல்லா ஊர் மேடைக்கும் பொதுச் சொத்து ஆனது.

சென்னைச் சபைகளைப் பற்றிப் படிக்கும்போது ஊர்ச் சபைகளும் அதே அச்சில் வார்த்தவை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெட்டி அப்படிச் சொல்லவில்லை. குமாஸ்தாவும் வாத்தியாரும் சேர்ந்து சபை வைக்கும் துணிச்சலைப் பம்மலாரிடமிருந்து எடுத்துக்கொண்டு, பாடத்தைச் சுவாமிகளிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். வசனத்தை நம்பிய சபையாக இருந்தால் இத்தனை தேய்ந்த ஆர்மோனியம் மிஞ்சியிருக்காது.

கட்டையில் இருந்த தேய்மானம்

தேய்மானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 49 கட்டைகளையும் கழற்றி வரிசையாகத் துணியில் அடுக்கினேன். கழற்றும் முன் ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மாறினாலும் திரும்பப் பொருந்தாது. இரண்டு ஓரத்திலும் இருந்த கட்டைகள் புதிது போல இருந்தன. நடுவில் இருந்தவை விரல் படும் இடத்தில் பள்ளமாகி, வெள்ளைத் தகடு தேய்ந்து கீழே மரமே தெரிந்தது. சாய்வாக வெளிச்சம் விழும்படி விளக்கை வைத்துப் பார்த்தால் பள்ளங்கள் எல்லாக் கட்டையிலும் ஒன்றுபோல இல்லை. நடு ஸ்தாயியின் ஐந்தாவது வெள்ளைக் கட்டையிலிருந்து மேலே போகப் போக ஆழம் அதிகம்.

கட்டை என்ற சொல்லை நாம் சுருதிக்கும் சொல்வதே இந்தப் பெட்டியை வைத்துத்தான். வெள்ளைக் கட்டையில் முதலாவதை ஷட்ஜமாக, அதாவது ஆதார சுரமான 'ச'வாகப் பிடித்தால் ஒரு கட்டை, ஐந்தாவதைப் பிடித்தால் ஐந்து கட்டை, அதற்கு அடுத்த கறுப்பைப் பிடித்தால் ஐந்தரை. ஆண் பாடகர் இன்று கச்சேரியில் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று உட்காருகிறார். முன்னால் மைக் இருக்கிறது. அன்று இல்லை. கொட்டகைக்குப் பின்னால் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு, குழந்தை அழுகையையும் சோடாக்காரன் கூவலையும் தாண்டிப் பாட்டு போய்ச் சேர வேண்டும். குரலை மேலே ஏற்றுவது ஒன்றுதான் வழி. நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பாவின் பாட்டை நம் பெரியவர்கள் ஒரு தெய்வீக விஷயம் போலப் பேசுவதற்கு அந்த உச்சக் குரல்தான் முதல் காரணம். கே.பி. சுந்தராம்பாளோடு ஜோடியாக மேடை ஏறினால், பெண் குரலின் சுருதியிலேயே நின்று பாடக்கூடியவர். 1933-ல் 27 வயதில் போய்விட்டார்.

எனவே ஐந்தாவது கட்டையைச் சுற்றித் தேய்ந்திருப்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, கட்டைகளின் பின்பக்கச் சட்டத்தில் இருந்த பென்சில் குறிகள். மூன்று இடத்தில் 'ச' என்று எழுதியிருந்தது. ஐந்தாம் கட்டைக்கு நேரே ஒன்று, நான்காம் கட்டைக்கு நேரே ஒன்று, இரண்டரைக்கு நேரே ஒன்று. முதல் 'ச' பக்கத்தில் 'ரா', இரண்டாவது பக்கத்தில் 'ஸ்'. மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை.

படத்தை எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினேன். அவர் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. "ரா ராஜபார்ட், ஸ் ஸ்திரீபார்ட். ஆளுக்கு ஒரு சுருதி தம்பி. மறந்துறக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காரு."

"ராஜபார்ட்டை விட ஸ்திரீபார்ட் கீழே இருக்கே, ஐயா?"

"ஆம்பளதானே புடவை கட்டுனான். மகரக்கட்டு உடைஞ்ச பையனா இருப்பான்."

ராஜபார்ட் என்பது கதாநாயகன் வேஷம், ஸ்திரீபார்ட் பெண் வேஷம். மகரக்கட்டு என்பது பையன்களுக்குக் குரல் உடையும் பருவம். சிறுவர் கம்பெனிகளை அலைக்கழித்தது இதுதான். குயில் மாதிரி பாடிக்கொண்டு பெண் வேஷத்தில் கொட்டகையை நிரப்பிக்கொண்டிருந்த பையனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு நாள் குரல் கரகரக்கும். வேஷம் கை மாறும். பிறகு குரல் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். வராமல் போனவர்கள் பபூனாகவோ, சீன் இழுப்பவராகவோ மேடைக்குப் பின்னால் தங்கிவிடுவார்கள். எங்கள் ஊர்ச் சபையில் அந்த 'ஸ்' யார் என்று சொல்ல இன்று ஆள் இல்லை. ஆனால் அவனுக்காகத் தாத்தா ஒரு கட்டை இறங்கி வாசித்திருக்கிறார் என்பது பென்சிலில் இருக்கிறது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று தர்க்கம் பாடும்போது, ஒருவர் அடி முடிந்து மற்றவர் அடி எடுக்கும் இடைவெளியில் கை இடம் மாறியிருக்க வேண்டும். ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஐந்து. இன்றைய சில பெட்டிகளில் சுருதி மாற்றும் நெம்புகோல் இருக்கிறது. இதில் விரல்தான் மாற வேண்டும்.

மூன்றாவது 'ச'வுக்கு வாத்தியாரிடமும் பதில் இல்லை.

கட்டைகளை உப்புத்தாள் போட்டு மட்டம் பண்ணலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். மாட்டேன். தேய்ந்த தகடுகளின் விளிம்பு விரலைக் கீறாத அளவுக்கு மட்டும் நைசான தாளால் ஓட்டினேன், பென்சில் குறிகள் இருந்த சட்டத்தைத் துணியால் கூடத் துடைக்கவில்லை.

98 ரீடு

ரீடு வேலைக்குத்தான் அதிக நாள் ஆனது. இரண்டு மாதம். ஒவ்வொரு ரீடும் ஒரு பித்தளைத் தகடு, அதில் நீளமாக ஒரு துளை, துளையின் மேல் ஒரு முனையில் மட்டும் ஆணி அடித்த மெல்லிய நாக்கு. நாக்குக்கும் துளைக்கும் இடையே ஒரு காகிதம் நுழையும் சந்துதான். தூசி, பூச்சி முட்டை, பச்சைக் களிம்பு எது சிக்கினாலும் ரீடு ஊமையாகும், இல்லையென்றால் சிலம்பும். எனக்குக் கிடைத்தபோது 11 ஊமை, 20-க்கு மேல் சிலம்பல்.

ஊமைகளில் எட்டு, சிகரெட் பெட்டியின் உள்ளே வரும் மெல்லிய ஈயத்தாளை நாக்குக்கு அடியில் விட்டு இழுத்ததுமே பேசிவிட்டன. அந்தச் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. மீதி மூன்றில் நாக்கே ஒடிந்திருந்தது. பித்தளை வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து ஆணி பக்கத்தில் களைத்து முறியும். அந்த மூன்றும் எந்தக் கட்டைகள் என்று பார்த்தால், ஐந்தாம் கட்டை ஷட்ஜமாக இருந்தால் வரும் மேல் ஷட்ஜமும் அதன் இரு பக்கமும். ராஜபார்ட் உச்சத்தில் நிற்கும் இடம். கழித்துப் போட்ட வேறொரு பெட்டியிலிருந்து வாத்தியார் மூன்று ரீடு எடுத்துக் கொடுத்தார்.

பித்தளையைப் பார்த்ததும் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். நாக்கின் கனத்தில் மயிரிழை குறைந்தாலும் சுருதி மாறும், ஈரம் ஆணிக்குள் இறங்கினால் மறுபடி களிம்பு. மென்மையான பல்துலக்கும் தூரிகை, கொஞ்சம் ஸ்பிரிட், அவ்வளவுதான்.

சுருதி கூட்ட நாக்கின் நுனிப்பக்கம் சுரண்ட வேண்டும். நுனி இலேசானால் வேகமாக அதிரும், சுருதி ஏறும். குறைக்க வேண்டுமானால் ஆணி பக்கம், அடிப்பகுதியில் சுரண்ட வேண்டும். நாக்குக்கு அடியில் மெல்லிய எஃகுத் தகட்டை வைத்துத் தாங்கிக்கொண்டு, நைசான அரத்தால் இரண்டே இழுப்பு. பிறகு கை வைக்காமல் விட்டுவிட வேண்டும். விரல் சூட்டிலேயே சுருதி நகரும். நான் இரவில் சுரண்டி, காலையில் அளந்தேன். ஒரு ரீடைப் பிடிக்க மூன்று இரவு ஆனதும் உண்டு.

செல்போனில் சுருதி காட்டும் செயலியை வைத்து எல்லா ரீடையும் அளந்து நோட்டில் எழுதினேன். அங்கேதான் ஒரு சிக்கல். சுத்தமான ரீடுகள் எல்லாமே இன்றைய அளவுக்கு 30 முதல் 40 சென்ட் வரை கூடுதலாக நின்றன. அரைக் கட்டை இடைவெளி 100 சென்ட் என்றால், இது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒன்றிரண்டு அப்படி இருந்தால் பழுது. தொண்ணூறும் ஒரே பக்கம் அதே அளவு சாய்ந்திருந்தால் அது பழுது இல்லை, அந்தப் பெட்டி பிறந்த சுருதியே அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செய்த பல கருவிகள், இன்று சுருதிக்குப் பொது அளவாக இருக்கும் 440 ஹெர்ட்ஸை விட உயரமாகவே சுருதி கூட்டப்பட்டவை.

இதன் அர்த்தம் எனக்கு மெல்லத்தான் உறைத்தது. 'அவர் ஐந்து கட்டையில் பாடினார்' என்று பெரியவர்கள் சொல்வது பெட்டிக்குப் பெட்டி மாறும் அளவு. தாத்தா பெட்டியின் ஐந்து கட்டை, இன்று கடையில் வாங்கும் பெட்டியில் ஐந்தையும் தாண்டி ஐந்தேகால் பக்கம் நிற்கும். மைக் இல்லாமல் அந்த உயரத்தில் விடிய விடியப் பாடியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சுரண்டி 440-க்கு இறக்கிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். 98 நாக்கின் அடியையும் மெலிய வைக்க வேண்டும், களைத்த பித்தளையில் எத்தனை முறியுமோ. அதற்கு மேல், இந்தப் பெட்டியின் சுருதி ஒரு சாட்சி. நான் புதிதாகப் போட்ட மூன்று ரீடையும் பழையவற்றுக்குச் சமமாக ஏற்றினேன்.

ஆர்மோனியத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைத்துக் குழைப்பது, வராது என்பது பழைய குற்றச்சாட்டு. 1940-லிருந்து 1971 வரை அகில இந்திய வானொலியில் அதற்கு இடமே இல்லாமல் இருந்தது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் சுரத்தை இது தொட முடியாது என்பது உண்மைதான். ஆனால் நாடக மேடையில் அது குழைவுக்காக வைத்திருந்த கருவி இல்லை என்பது என் கட்சி. பாடுகிறவருக்குத் தரை அது. வசனம் பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று பாட்டுக்குத் தாவ ஒரு சுரம் காத்திருக்க வேண்டும், மூச்சு வாங்கும் இடத்தில் மெட்டைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தமாகி, ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். அவர்களை ஒரே நாடகமாகத் தைத்துக்கொண்டிருப்பது பெட்டியும் மிருதங்கமும்தான்.

வாசித்த நாள்

ஐப்பசி கடைசியில் பெட்டியைப் பூட்டி முடித்தேன். ஊதுவத்தி கடைசிச் சுற்றில் இரண்டே வட்டம், இரண்டும் மிதி அச்சுப் பக்கம், விட்டுவிடக்கூடிய அளவு. வாத்தியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், மிருதங்கக்காரர் ஒருவரையும் கூட்டி வந்தார். செருப்பைக் கழற்றி, மிதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தாவது கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மிருதங்கக்காரரைப் பார்த்தார். அவர் வலந்தலையில் (மிருதங்கத்தின் வலது பக்கம்) கல்லால் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டே இருந்தார், சேரவில்லை.

"என்னண்ணே, இதென்ன சுருதி? ரெண்டுங்கெட்டானா இருக்கு" என்றார் அவர்.

"பெட்டி சொல்றதுதான் சுருதி. ஏத்துப்பா" என்றார் வாத்தியார்.

இன்னும் நாலு தட்டுத் தட்டியதும் சேர்ந்தது. பிறகு அரை மணி நேரம் வள்ளி தர்க்கம் வாசித்தார், பின்பாட்டும் தானே. பெரியப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளையில் அங்கேதான் உட்காருவாராம், துருத்திக் காற்று முகத்தில் படும் என்பதற்காக. இப்போது படவில்லை என்று சொன்னார். அந்த ஓட்டையைத்தான் நான் அடைத்திருக்கிறேன்.

பாக்கி வேலைகள்: கீழ் ஸ்தாயி இரண்டாம் ரீடு ஒன்று பேசத் தாமதிக்கிறது, நாக்கின் நுனியை இன்னும் ஒரு இழை தூக்க வேண்டும். வலது மிதியின் கீல் முனகுகிறது. எண்ணெய் விட்டால் பக்கத்துத் தோலில் ஊறும், அதனால் மெழுகு தடவிப் பார்க்கப் போகிறேன். மழைக்காலம் முடிந்து தோல் காய்ந்த பிறகு, தை மாதம் மறுபடி ஒரு முறை ஊதுவத்தி வைக்க வேண்டும்.